போகும்போது மட்டும் கட்டணம்

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கூடுதல் கணிதம்.
மாலை ஆறே காலுக்கு நான் படகில் இருந்தேன்.

அம்மாவிடம் சொன்னது:
துர்காஷினி வீட்டில் படிக்கப் போகிறேன்.
துர்காஷினி அவள் வீட்டில் சொன்னது:
என் வீட்டில்.
அவள் எங்கே போனாளோ, நான் கேட்கவில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போகத்தான் காசு.
திரும்பி வருவது இலவசம்.
பதினேழு வருடம் பாகானில் இருந்தும்
அதை ஒரு சலுகையாக அன்றுதான் பார்த்தேன்.

மாதிரித் தேர்வில் இருபத்தொன்பது.
அதிலிருந்து காலை மைலோ
வயிற்றில் தங்குவதில்லை.
இந்த ஊர் வெயிலிலும் விரல் நுனிகள்
ஐஸ் பெட்டிக்குள் கிடந்தவை மாதிரி.
கனவில் மண்டபத்துக்கு நேரத்தோடு போய்விடுகிறேன்;
கால்குலேட்டரை எடுத்தால்
டிவி ரிமோட்.
மேற்பார்வையாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"அனுமதி உண்டு" என்கிறார்.
அங்கேதான் அலறி எழுகிறேன்.

அம்மாவுக்குப் பிறையில் இரவு ஷிப்ட்.
தொழிற்சாலைப் பேருந்தில் ஒரு வரிசையே
எனக்காக வேண்டிக்கொள்கிறதாம்.
மீனா தாப்பாவும்கூட, நேப்பாளத்துப் பெண்,
என் முகத்தைப் பார்த்ததே இல்லை.
இத்தனை வேண்டுதலை எங்கே வைப்பது?
மேசையில் இடமில்லை.
பயிற்சி நூல்கள், மூடி தொலைந்த மஞ்சள் பேனா,
கோவில் திருநீற்றுப் பொட்டலம்,
ஈப்போ சித்தப்பா அனுப்பிய
ஞாபகசக்தி மாத்திரை.
(சாப்பிட மறந்துவிடுகிறேன்.)

படகின் பின்பக்கம், கம்பியோரம்
ஒருத்தி குனிந்து நின்றாள்.
பையில் தொங்கும் அந்தத் துணித் தவளையை
எனக்குத் தெரியும்.
சியூ லிங்.
மாதிரித் தேர்வில் தொண்ணூற்றாறு.

வாந்தி எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.
என்னைப் பார்த்தாள்.
இரண்டு பேருக்கும் திருட்டு முகம்.

"அலை," என்றாள்.
கடல், தட்டில் ஊற்றி ஆறவிட்ட தேநீராய்
அசையாமல் கிடந்தது.
"ஆமாம், பெரிய அலை," என்றேன்.

இது எனக்கு இரண்டாவது சுற்று.
அவளுக்கு நான்காவது.
மலாயில்தான் பேசிக்கொண்டோம்.
அம்மாவோடு பேசாத மொழியில்
பயத்தைச் சொல்வது கொஞ்சம் சுலபம்.

"மீதி நாலு மார்க் எங்கே என்று
அப்பா கேட்டார்."
"எனக்கு அந்த இருபத்தொன்பதே
எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை."

சிரித்தாள். மூக்கு வழியாக, அசிங்கமாக.
என் பையில் ஒரு கறிபாப் இருந்தது.
உருளைக்கிழங்குப் பக்கம் அவளுக்கு,
மடிப்பின் மொறுமொறுப்பு எனக்கு.
படகுத்துறை விளக்கடியில் சொறிமீன்கள்.
அவற்றுக்கு மூளை கிடையாது என்றாள்;
மூளையே இல்லாமல்
எவ்வளவு நிதானமாக மிதக்கின்றன பார் என்றாள்.
ஒரு சூத்திரமும் சொல்லிக்கொள்ளவில்லை.
கறிபாப் அவள் வயிற்றில் தங்கியது.
அதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

பாகான் கரையில் அவள் அப்பா
மோட்டார் சைக்கிளோடு நின்றார்.
சியூ லிங் முதுகை நிமிர்த்தி,
முகத்தைத் தொண்ணூற்றாறாக மாற்றிக்கொண்டு
நடந்தாள்.

அன்றிரவு ஆறு மணி நேரம் தூங்கினேன்.
ரிமோட் வரவில்லை.

காலையில் மண்டபத்துக்கு வெளியே
பைகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன.
போகிற போக்கில் தவளையின் ஒரு காலைப் பிடித்து
அழுத்திவிட்டுப் போனேன்.

முதல் பக்கத்தில் வரிசை எண்ணை எழுதினேன்.
அது சரியான விடை.
இரண்டாவது கேள்வி வரை கடல் பரவாயில்லை.
மூன்றாவதில் ஆட ஆரம்பித்தது.
பேனாவை வைத்துவிட்டுக் கம்பியைப் பிடிப்பதுபோல்
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்து வரிசையில் துர்காஷினி
அழிப்பான் தேடிப் பென்சில் பெட்டியைக் கவிழ்த்தாள்.
ஒரு கரண்டி அளவுக்கு
கடற்கரை மணல் கொட்டியது.