வால் நறுக்கிய சொல்

ஒரு ஷீப்.
நானூறு ஷீப்.
ஆடு பெருகும், சொல் பெருகாது.
மேற்கு ஃபாக்லாந்தில் கால் வைத்த முதல் வாரமே
உனா ஃபின்லே சொல்லிவிட்டாள்,
ரொட்டியில் கொழுப்பைத் தடவிக்கொண்டே,
உப்பு எந்த அலமாரியில் என்று சொல்வதைப் போல.

எங்கள் பக்கம், புவேர்ட்டோ நத்தாலெஸில்,
இரண்டாவது ஆடு வந்ததும்
சொல்லுக்கு ஒரு வால் முளைக்கும்.
ஓவெஹா. ஓவெஹாஸ்.
அந்த ஸ்-க்குள் மந்தை நடக்கும் சத்தம் கேட்கும்.
இங்கே குட்டி பிறந்த சில வாரங்களில்
வாலில் ரப்பர் வளையம் மாட்டி உதிர வைக்கிறார்கள்;
சொல்லுக்கும் அதையே செய்திருக்கிறார்கள்
என்று நினைத்துக்கொண்டேன்.
சிரிப்பாக இருந்தது. அப்போது.

எண்ணத் தெரியாதவன் இல்லை நான்.
ஆட்டுக்கு இவ்வளவு என்று கூலி.
கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால்
நாலு கோடு, குறுக்கே ஒன்று,
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நல்ல நாளில் இருநூற்றுப் பத்து.
இடுப்பு ஒடிந்தாலும் கோடு தவறியதில்லை.

ஜனவரி பன்னிரண்டு. கோடை என்று பெயர்;
பனிகலந்த மழை படுக்கைவாட்டில் அடித்தது.
அடுப்பெரிக்க மண் வெட்டியெடுத்த பழைய பள்ளத்தில்
நேற்று நான் மயிர் கத்தரித்த ஆடுகள்,
வெளேரென்று, ஒன்றின் மேல் ஒன்று
சறுக்கி இறங்கிக்கொண்டிருந்தன.
ரேடியோவை அழுத்தினேன்.
வாய்க்குள் பதினேழு ஆடு இருந்தது.
வெளியே வந்தது:
"த ஷீப் இஸ் இன் த டிட்ச்."

இஸ்.
ஆர் என்று சொல்லியிருக்க வேண்டும்.
வாலில்லாத சொல்லுக்கு
எண்ணிக்கை பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது,
வினைச்சொல்லிடம்.
தெரியாமல் இல்லை.
தாளைக் கொடுத்திருந்தால் சரியாகவே எழுதியிருப்பேன்.
விறைத்த உதட்டுக்கு
இஸ்தான் கிட்டத்தில் கிடந்தது.

"ரைட்டோ" என்றாள் உனா.
வந்தாள். தனியாக.
ஒரு கயிறு. ஒரு சாக்கு. ஒரு நாய்.
ஓர் ஆட்டுக்கு வேண்டியது அத்தனையும்
கணக்காக.

லேண்ட்ரோவரை விட்டு இறங்கிப்
பள்ளத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினாள்.
அடுத்த பண்ணையிலிருந்து ஆள் வர இரண்டு மணி நேரம்.
இருட்டும் வரை இழுத்தோம்.
பதினொன்று கரையேறின.
ஆறு, ஏதோ சொல்ல வந்ததுபோல்
வாயைத் திறந்தபடி, சேற்றில்.

இரவு, மேசையில் பேரேட்டை விரித்தாள்.
ஷீப் லாஸ்ட், என்று எழுதி
ஓரத்தில் ஆறு என்று போட்டாள்.
மேலே பழைய வரிகளும் தெரிந்தன.
ஒன்று செத்த நாளிலும் அதே எழுத்துகள்தான்,
தொண்ணூறு செத்த பனிக்காலத்திலும்.

"நான் இஸ் என்றேன்."
"காதில் விழுந்தது."
பேனாவை மூடினாள். திறந்தாள். மூடினாள்.
"எத்தனை என்று நான் கேட்டிருக்கலாம்."

படுக்கையில், போர்வைக்குள், உதட்டைப் பழக்கினேன்.
த ஷீப் ஆர் வெட்.
த ஷீப் ஆர் கோல்ட்.
த ஷீப் ஆர் இன் த டிட்ச், உனா, கம் க்விக்.
இப்போது எவ்வளவு சுலபமாக வருகிறது,
சனியன்.

காலையில் கதவைத் தட்டினாள்.
கேம்ப்பில் வேலி பார்க்கப் போகிறாளாம், வருகிறாயா என்றாள்.
கேம்ப்.
ஸ்டான்லி ஊரைத் தாண்டினால்
புல்லும் பாறையும் காற்றுமாக எது கிடந்தாலும்
இவர்களுக்குக் கேம்ப்.
ஒரு கூடாரம் கிடையாது.
அது எங்கள் காம்போ.
மாடு பிடிக்க வந்த குதிரைக்காரன் எவனோ
எப்போதோ இங்கே விட்டுப்போனது.
கடைசி உயிர் போய், மெய்யோடு நின்ற சொல்.
யாரும் அவர்களைத் திருத்தவில்லை.
நானும் திருத்தவில்லை.

"கயிறு எடுத்துக்கொண்டேன்" என்றேன்.

"எத்தனை?" என்றாள்.