இடது முழங்கால்

முதல் தொடரில் பைலட் ஏணி ஏறுவான்.
முப்பத்தெட்டு நொடி. எண்ணியிருக்கிறேன்.
படிக்குப் படி பூட்ஸ் சத்தம்.
நடுவில் ஒருமுறை நின்று
உள்ளங்கை வேர்வையைத் தொடையில் துடைப்பான்.
வாராவாரம் அதே முப்பத்தெட்டு நொடி,
காசு மிச்சம் பிடிக்க
ஒருதடவை வரைந்ததையே ஓட்டினார்கள்.
எனக்கு அது கஞ்சத்தனமாகப் படவில்லை.
உருக்காலையில் நானும் ஏறுகிறேன்,
நாற்பத்திரண்டு படி, கிரேன் கூண்டுக்கு.
யாரும் எனக்கு அதைப் புதிதாக வரைந்து தருவதில்லை.

சூரமங்கலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவர்
பென்டிரைவில் ஏற்றித் தந்த தொடர்.
எட்டாம் பகுதிக்கு சப்டைட்டில் இல்லை.
அதில் ஏன் எல்லோரும் அழுகிறார்கள் என்று
இன்றுவரை தெரியாது.
தெரியாமலே நானும் அழுதிருக்கிறேன்.

பிலோமினுக்கு இரண்டாவதுதான்.
"ஏணியே இல்லையே" என்றேன்.
"எதுக்கு?" என்றாள்.

அதில் ஒரு பெண் கண்ணை மூடுகிறாள்,
எந்திரம் அவளைச் சுற்றி
ஏற்காட்டு மூட்டம் போலத் திரள்கிறது.
உலோகமா, ஈரமா, சொல்ல முடியாது.
நீர்வண்ணம். ஓரங்களில் கோடே கிடையாது.
நாலு மாடி உயரம்
புல்நுனியில் நிற்கிறது, புல் வளையவில்லை.
ஏழாம் பகுதி முழுக்கச் சண்டை இல்லை:
மழைக்காகக் காத்திருக்கிறார்கள்,
ஒருத்தி ஆரஞ்சு உரிக்கிறாள்,
தோல் அறாமல் ஒரே சுருளாக வரும்வரை
காட்சி நகரவே இல்லை.

பழையது திரும்பினால் தோளிலிருந்து துரு கொட்டும்.
விழுந்தால் மூன்று தெரு தள்ளி
ஒரு கடைக்காரரின் தராசு ஆடும்.
அந்தத் தராசைக் காட்டுவார்கள். அதற்காகத்தான் பார்த்தேன்.

விடுமுறை நாளில்
ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் கட்டிக்கொண்டு
வண்டியை மேலே விடுவேன்.
பதினோராம் கொண்டை ஊசிக்குள் தட்டுவடை நமுத்துவிடும்,
வாதம் மட்டும் மொறுமொறுப்பாக இருக்கும்.
"உன் ஆளுக்கு வாராவாரம் யாராவது சாகணும்."
"உன் ஆளுக்கு மழை பெய்யணும்."
அவள் ஆர்க்கிட் தோட்டத்தில் வேலை பார்ப்பவள்.
மண்ணே வேண்டாத வேர்களுக்குத்
தினமும் தண்ணீர் தெளிக்கிறவளிடம்
எடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

இந்த முறை கரண்ட் போயிருந்தது.
லேப்டாப்பில் பதினொரு சதவீதம்.
ஒன்பதாம் பகுதி. எந்திரம் ஏரியிலிருந்து கரையேறுகிறது,
நீர் வழிகிறது, வலது கால், பிறகு
ஒரு கணம் பிந்தி இடது.

நிறுத்தினேன். பின்னுக்கு ஓட்டினேன்.
வலது. பிந்தி, இடது.

முதல் தொடரின் கடைசிக்கு முந்தைய பகுதியில்
பாலத்தைத் தாங்கி நசுங்கிய முழங்கால் அது.
அளவு சேராத போல்ட்டைப் போட்டு
விடியவிடிய வெல்டு வைத்தார்கள்.
அதற்குப் பிறகு ஒவ்வோர் அடிக்கும் 'டக்'.
இதில் போல்ட் இல்லை, முழங்காலே இல்லை,
வெறும் நிறம்.
ஆனாலும் யாரோ ஒருவர்
நான் பிறப்பதற்கு முன் உடைந்ததை
இன்னும் நொண்டவிட்டிருக்கிறார்.

"பாத்தியா?" என்றேன்.
"எதை?"
பழையதை நாலாம் பகுதியிலேயே நிறுத்திவிட்டவள்.
"அந்த நடை."
"ஆமா," என்றாள், "அதுக்காகத்தான் நான் பாக்கறதே.
ஆடற மாதிரி இருக்கும்ல."

போல்ட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
திரை அணைந்தது.
பொட்டலத்தைப் பிரித்தோம். காரம் அப்படியே இருந்தது.

இறங்கும்போது வளைவுப் பலகைகள்
இருபதிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தன.
பிரேக் கருகும் வாசம்.
கீழே சேலம் தன் எல்லா விளக்கோடும் கனத்துக் கிடந்தது.

மறுநாள் காலை ஷிஃப்டு.
கொக்கியில் பதினெட்டு டன் சுருள்.
கீழே நின்ற குழந்தைசாமி விரலை அசைத்தார்:
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
புல்நுனியில் வைப்பது போல
வைத்துப் பார்த்தேன்.

சத்தம் வந்தது.
வரத்தான் செய்யும்.