பின் இருக்கை

முதல் வாரம் தமீமின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.
ஹார்ன் அலறும்போதெல்லாம்
காதைப் பொத்திக்கொண்டு
மதகுகளை எண்ணினான்.
கூத்தாநல்லூரிலிருந்து திருவாரூர் ஐ.டி.ஐ. வரை
பதினேழு.

அடுத்த வாரம் ஓர் இருக்கை பின்னால்.
அப்புறம் இன்னும் இரண்டு.
"தம்பிக்கு என்னம்மா?" என்றார் நடத்துநர்.
"பாஸ் இருக்கு" என்றேன்.

ஆடியில் தண்ணீர் வந்து
வாய்க்காலெல்லாம் இரைந்தபோது
நான் கடைசி இருக்கைக்கு வந்திருந்தேன்.
மடியில் அவன் அம்மா எழுதிக்கொடுத்த தாள்:
பசித்தால் சொல்லமாட்டான்.
தோளைத் தொட்டுக் கூப்பிடாதீங்க.
ஃபிட்டர் வேலையில் சத்தம் நிறைய வருமா டீச்சர்?
வரும் என்றுதான் சொல்லியிருந்தேன்.
காதுக்கு மாட்டும் உறைக்கு
முதல்வரிடம் மூன்று முறை மனு கொடுத்ததைச் சொல்லவில்லை.

நேற்று நான் ஏறவில்லை.
ஆவின் பூத் மறைவில்
திருடி மாதிரி நின்றேன்.
அவன் திரும்பிப் பார்க்கவில்லை.
பேருந்து போனது.
டீ ஆடை கட்டியது.

எட்டே முக்காலுக்குக் கைபேசி அதிர்ந்தது:
"பதினாறுதான்.
பாலத்துக்கு முன்னால் இருந்ததை இடித்துவிட்டார்கள்.
பொதுப்பணித்துறைக்கு யார் சொல்வது?"

வந்துசேர்ந்தேன் என்று ஒரு வார்த்தை இல்லை.
நான் இன்னும் பதில் போடவில்லை,
கோட்டப் பொறியாளரின் எண்ணைத்
தேடிக்கொண்டிருக்கிறேன்.