இரண்டாவது ஹார்னுக்கு ஒரு வரி

ஹார்ன் வாசிக்கிறேன் என்றால்
எந்த பஸ்ஸில் என்று கேட்கிற ஊர் இது.
ஞானஒளிவுபுரம் வியாகுலம் பாண்டு செட்டில்
இருபத்தாறு வருடமாக நான் இரண்டாவது ஹார்ன்.
கிளாரினெட்டுக்குப் பாட்டு,
டிரம்பெட்டுக்குப் பட்டுத் தொங்கல்,
எனக்கு ‘ம்-பா, ம்-பா’.
அதிலும் அந்த ‘ம்’ பெரிய டிரம்முக்குச் சொந்தம்.
‘பா’ மட்டும் என்னுடையது.

நோட்டுக்கட்டில் பதினோராவது தாள்
ஜெர்மன் மார்ச்.
முதல் பேர் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது.
மிச்சம்: க்ரோனிக், பட்டாளத்து பாண்டு மாஸ்டர்,
மேலே ஓர் எண், நூற்று நாற்பத்து மூன்று.
கல்யாணத்துக்கு வேகமாக,
தத்தனேரிக்குப் போகையில் பாதி வேகத்தில்,
கட்சி ஊர்வலத்துக்கு
எவ்வளவு சத்தமாக முடியுமோ அவ்வளவு.
ஜெயித்த பட்டாளத்துக்கு எழுதினாரா
தோற்றதற்கா, தெரியாது.
எங்களுக்கு ரெண்டுக்கும் ஒரே ரேட்டு.

ஆனால் நாற்பத்தோராவது கட்டத்தில்
எல்லா வாத்தியமும் வாயை மூடிக்கொள்ளும்,
டிரம்கூட.
இரண்டாவது ஹார்னுக்கு மட்டும் ஏழு ஸ்வரம்.
மாடிப்படி ஏறியவன் எதையோ மறந்து
பாதியில் திரும்பி இறங்குகிற மாதிரி.
முதல் ஹார்னுக்குக் கொடுத்திருக்கலாம்.
எவரும் அப்படித்தான் கொடுப்பார்கள்.

இந்த ஏழு ஸ்வரத்தை வைத்துத்தான்
அவரை எனக்குத் தெரியும்.
பனியில் கடைசி வரிசையில் நின்றிருக்கிறார்.
முன்னால் போன குதிரையின் சாணியை மிதிக்காமல்
‘பா’ மட்டும் ஊதியிருக்கிறார், வருடக் கணக்கில்.
பல் ஆடியிருக்கும், ஊத முடியாமல்
கோலைக் கையில் எடுத்திருப்பார்.
எல்லாரும் சல்யூட் வைக்கிற இடத்துக்கு வந்த பிறகும்
பின்னால் நிற்கிறவனின் உதடு
சும்மாவே காய்ந்துபோவது மறக்கவில்லை.
பொய்யாகவும் இருக்கலாம்.
அச்சடித்தவன் வரி மாற்றிப் போட்டிருக்கலாம்.
எங்கள் மாஸ்டர் அதைத்தான் சொல்கிறார்.

யாரும் அதைக் கேட்டதில்லை.
சரியாக அங்கேதான் சரவெடி கொளுத்துவார்கள்,
யானைக்கல் திருப்பத்தில் டவுன் பஸ் அலறும்,
இல்லை, பாக்கித் துட்டு யார் தருவது என்று சண்டை.

போன ஆவணி, வடக்கு மாசி வீதி.
மாப்பிள்ளை அழைப்பு.
ஜெனரேட்டர் இருமி நின்று
சீரியல் பல்பெல்லாம் அணைந்தது.
‘ஓ’ என்று கத்திய கூட்டம் ஓய்ந்த நேரம்
நாற்பத்தோராவது கட்டம் வந்தது.
இருட்டில் தாள் தெரியவில்லை, தேவையுமில்லை.
ஐந்து ஸ்வரம் சரி.
ஆறாவதில் என் முன்பல் ஆடியது.
கொய்யாப்பழ வண்டிக்காரர்
தராசைத் தூக்கிப் பிடித்தபடியே
எந்தப் பக்கமிருந்து என்று தேடினார்.
அதற்குள் டிரம் விழுந்தது.
நான் ‘பா’வுக்குத் திரும்பினேன்.

பல் டாக்டர் பிடுங்கிவிடச் சொல்கிறார்.
சித்திரைக்கு அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.
நாளைக்கு ஆரப்பாளையத்தில் ஒரு கேதம்.
பதினோராவது தாள், பாதி வேகம்.
வெடி வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம்.