பலகையின் முதுகு

உசிலம்பட்டி, தேனி ரோடு.
எங்கள் மொட்டை மாடியில்
ஒரு நகைக்கடை நின்றிருந்தது,
மதுரை மாசி வீதிக்காரர்களுடையது.
ரோட்டில் போகிறவர்களுக்கு அதில் ஒரு கல்யாணப்பெண்.
எங்களுக்கு இரும்பு ஆங்கிள், துரு,
கட்டுக்கம்பி, ஒரு காக்காக் கூடு.

வருஷ வாடகை பன்னிரண்டாயிரம், இரண்டு தவணை.
அதுதான் என் ஸ்கூல் ஃபீஸ்.
ஆகவே விளம்பரத்தைப் பற்றி நான் வாய் திறந்தால்
சோறு போட்ட கையைக் கடிக்கிறாள் என்பார் அப்பா.
கடிக்கிறேன். கொஞ்சமாக.

ஆறு மணிக்கு நாலு விளக்கும் எரியும்.
இந்தப் பக்கம் எழுத்தெல்லாம் திரும்பி நிற்கும்.
'சேதாரம் இல்லை' என்பதை
வலமிருந்து இடமாக வாசிக்கப் பழகியவள் நான்.
கரண்ட் பில் கட்டாத மாதம்
வீட்டுக்குள் இருட்டு,
மாடியில் மட்டும் கல்யாணம்.
அங்கேதான் ஈசலைத் தட்டிவிட்டுக்கொண்டு
முக்கோணவியல் படித்தேன்.

மற்ற மாதங்களில் கீழே டிவி.
மாமியார் விஷம் கலக்கும்போது அம்மா அசையமாட்டாள்.
விளம்பரம் வந்தால் எழுந்து உலையில் அரிசி போடுவாள்,
இன்னொரு விளம்பரத்தில் வடிப்பாள்.
எங்கள் வீட்டுச் சோறு
சோப்புக்கும் சிமெண்டுக்கும் நடுவில் வெந்தது.

தம்பி கருத்தபாண்டிக்கு
உயரமாக வளர்கிற பவுடர் வேண்டும்.
அழுதான், உருண்டான், வாங்கினோம்.
கதவில் பென்சில் கோடு போட்டுக்கொண்டே இருந்தான்,
ஒரு கோட்டின் மேலேயே இன்னொரு கோடு.
அதற்குள் எங்கள் ஆட்டுக்குட்டி
பவுடர் இல்லாமலே கிடாயாகிவிட்டது.

சிரிக்காதீர்கள், நானும் வாங்கினேன்.
பத்து ரூபாய் பாக்கெட், ஏழே நாளில் நிறம் மாறுமாம்.
எட்டாம் நாள் கண்ணாடியில்
அதே நான், கொஞ்சம் வாசனையாக.
பொய் என்று தெரிந்துதான் வாங்கினேன்.
தெரிந்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று
பெரியவர்கள்தான் நினைக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பில் நானூற்று எழுபத்தாறு.
லோக்கல் சேனல்காரர் வந்தார்.
"குடிசை இல்லையா?" என்று கொஞ்சம் வருத்தப்பட்டார்.
"மாடாவது?"
கடைசியில் கிடாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
"கஷ்டப்பட்ட மாதிரி பாரும்மா."
கிடாய் நன்றாகப் பார்த்தது.

நகைக்கடை ஒப்பந்தம் முடிந்திருந்தது.
டியூஷன் சென்டர்க்காரர் ஏறி வந்து அளவெடுத்தார்.
நான் அங்கே போனது இரண்டே மாதம்.
மீதியெல்லாம் அந்தக் கல்யாணப்பெண்ணின் வெளிச்சம்.
அதைப் போட ஃப்ளெக்ஸில் இடமில்லை.

கட்டி முடித்ததும் ரோட்டைத் தாண்டிப் போய்
புரோட்டாக் கடை வாசலில் அண்ணாந்து நின்றேன்.
பதினாறடி உயரத்தில் யாரோ ஒருத்தி.
பால் ஊற்றிக் கழுவிய முகம்,
மூக்குத்தித் துளையைக்கூட அடைத்திருந்தார்கள்.
கீழே: வீ. ஒச்சம்மாள்.
முகத்தை வெளுத்தவன்
பெயரை வெளுக்க மறந்துவிட்டான்.

"யாரு தாயி அந்தப் புள்ள?" என்றார்
பக்கத்தில் டீ குடித்தவர், என்னிடமே.
ஒரு நொடி,
ஒரே நொடிதான்,
அவள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்று ராத்திரி மாடியில் என் பெயர் திரும்பி நின்றது.
எழுத்துக் கூட்டினேன்:
ள், மா, ம், ச, ச், ஒ.
ஏதோ புது ஷாம்பு மாதிரி இருந்தது.

ஆடிக்காற்றில் இரண்டு மூலை பிய்ந்தது.
கழற்றி மாடியிலேயே விரித்தோம்.
மிளகாய்ச் சாக்கோடு அம்மா தயங்கினாள்.
"ஒன் மூஞ்சி மேலயா கொட்ட?"
"கொட்டும்மா."

கன்னம் சிவந்தது. நெற்றி சிவந்தது.
பத்து ரூபாய் பாக்கெட் சொன்ன நிறம்
இப்போதுதான் வந்து சேர்ந்தது.
ஓரத்தில் பெயர் மட்டும் வெயிலில் கிடந்தது.
அதன் மேல் முன்னங்காலை ஊன்றி
கிடாய் ஒரு மிளகாயை மோந்து பார்த்துத்
தும்மியது.