இரைச்சலுக்குப் பெயர் வைத்த பிறகு

தண்டர் பே. ஜனவரி.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பது.
ஹவுத்தாலா சலவைக்கடையின் நிலவறை வாசலில்
நிற்பது என் வேலை.
ஐந்து டாலர் வாங்கி பிஸ்கட் டப்பாவில் போட்டு
புறங்கையில் முத்திரை குத்துவேன்:
'கறை போகாவிட்டால் கடை பொறுப்பல்ல.'
வேறு முத்திரை எங்களிடம் இல்லை.

மேலே துணி உலர்த்தும் எந்திரங்கள் சுற்றும்போது
கீழே விளக்கு மங்கும்.
ஒலிபெருக்கிகள் ஒரே சுருதியில் முனகும்.
பழைய வயரிங். எர்த் சரியில்லை.
துவோமோ அந்த முனகலுக்கு ஏற்றபடிதான்
கித்தாரை முறுக்குவான்,
சண்டைபோட்டு அலுத்த பக்கத்து வீட்டுக்காரனோடு
ஒத்துப்போவது மாதிரி.
ஜோலீன் மிச்சானோ பாடுவாள்.
பகலெல்லாம் தானியக் கிடங்கில் கோதுமை எடைபோட்ட தூசி
தொண்டையில் இருக்கும்.
நாற்பது பேர் வந்தால் எங்களுக்குத் திருவிழா.
அதில் பதினைந்து பேர் அடுத்து வாசிக்க வேண்டியவர்கள்.
மூன்று பேர் துணி காயக் காத்திருப்பவர்கள்.

டொரொண்டோவிலிருந்து ஒருவர் வந்தார்.
மெல்லிய கோட்டு, பெரிய நோட்டு.
ஐந்து டாலருக்கு ரசீது கேட்டார்.
சலவைச் சீட்டு ஒன்றைக் கிழித்து
'சட்டை - 1' என்று எழுதிக் கொடுத்தேன்.

மார்ச்சில் பத்திரிகை வந்தது.
எங்கள் முனகலுக்கு அவர் வைத்த பெயர்
'ஏரியின் மூச்சு'.
ஏரி இரண்டு மைல் தள்ளி
கல்லாய் உறைந்து கிடந்தது.
அது மூச்சுவிட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு வேன்கள்.
மினியாபொலிஸ், வின்னிபெக், எங்கெங்கோ.
மூச்சை வரவழைக்க ஒரு பெடல்,
இருநூற்று நாற்பது டாலர்.
பதினேழு வயதுப் பையன்கள்
அதை மிதித்துக்கொண்டு கண்ணை மூடினார்கள்.
ஒலேனா கொவால்ச்சுக் அக்கார்டியனோடு ஏறியபோது
"இது இந்த ஊர் சத்தம் மாதிரி இல்லையே" என்றான் ஒருவன்.
அவன் ஊருக்குள் வந்து
மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.
ஒலேனா இங்கேதான் பிறந்தாள்.
அடுத்த மாதப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.
பட்டியலை ஒட்டியது நான்தான்.

இசைத்தட்டில், இரண்டாவது பாட்டில்,
ஜோலீன் ஒரு இடத்தில் இருமியிருப்பாள்.
கிடங்கு வேலையை விட்ட பிறகு
அவள் தொண்டை தெளிந்துவிட்டது.
ஆனாலும் அந்த இடம் வந்ததும்
முந்நூறு பேர் சேர்ந்து இருமினார்கள்.
அவள் ஒரு வரி தாமதித்தாள்.
சிரித்தாளா என்று வாசலிலிருந்து தெரியவில்லை.

கூட்டம் பெருத்ததால் தீயணைப்பு அதிகாரி வந்தார்.
அவர் போனதும் எலக்ட்ரீஷியன் வந்தார்.
வயரிங் முழுக்கப் புதுசு.
அன்று இரவு துவோமோ கம்பியைத் தட்டினான்.
கம்பி மட்டும் ஒலித்தது.
எதோடு சுருதி சேர்ப்பதென்று தெரியாமல்
சுற்றும் முற்றும் பார்த்தான்,
மாடிப்படியில் இல்லாத கடைசிப் படியை மிதித்தவன் போல.
கூட்டத்திலிருந்து யாரோ
ஒரு பெடலை நீட்டினார்கள்.
வாங்கிக்கொண்டான்.

நான் குறை சொல்லவில்லை.
என் முத்திரையைச் சட்டையில் அச்சடித்து
முப்பத்தைந்து டாலருக்கு விற்கிறார்கள்.
சட்டைக்கு இரண்டு டாலர் எனக்கு.
காலில் இருக்கும் பூட்ஸ் அதில் வாங்கியதுதான்.
கால் சில்லிடுவதில்லை.

இப்போது பத்திரிகைக்காரர்கள்
சஸ்கட்டூனில் வேறொரு நிலவறையில்
வேறெதற்கோ பெயர் தேடுகிறார்களாம்.
பெயர் வைக்கிறவர்கள்
தொட்டில் ஆட்ட நிற்பதில்லை.
வேன்கள் குறைந்துவிட்டன.
பெடல்கள் அடகுக்கடை ஜன்னலில் வரிசையாக.

ஒரு செவ்வாய் இரவு
துணி எடுக்க மேலே போனேன்.
ஆறாம் நம்பர் எந்திரத்தை
எலக்ட்ரீஷியன் தொடவே இல்லை போலிருக்கிறது.
அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து
ஒலேனா மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தாள்.
முனகல் இருந்தது. அக்கார்டியன்
அதற்குச் சற்று மேலே, கொஞ்சம் இடறி.
போர்வை காயக் காத்திருந்த ஆள்
தூங்கிவிட்டிருந்தான்.

"யாரிடமும் சொல்லாதே" என்றாள்.
சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை. ஒன்பது மணிக்கு மேல்.
ஆறாம் நம்பர்.