மைதாப் பசை

பூச்சு காணாத செங்கல் சுவரில்
ஒட்டிவிட்டுப் போனார்கள்.
ஒருவன் பசை தடவினான்,
ஒருவன் கைபேசியில் படம் பிடித்தான்.
படத்தில் நானும் விழுந்திருப்பேன்,
முறமும் கையுமாக.

பசையில் துத்தம் போட மறந்திருக்கிறார்கள்.
விடிவதற்குள்
தையல்நாயகி வீட்டு ஆடு
கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டது.
ஆறு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம் போயிற்று,
மேனேஜர் கையெழுத்தும் போயிற்று.
'அறுபது நாட்களுக்குள்' மட்டும்
ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது.

வாங்கியது ஏழு.
கட்டியது நாலு முப்பது.
மீதி எப்படி ஆறு தொண்ணூற்று நாலு என்று
காடாம்புலியூரில் யாருக்கும் கழிக்கத் தெரியவில்லை.
ஆனி மாதம்
பலாக்காய் ஏற்றிய லாரியிலிருந்து விழுந்தார் அவர்.
இடுப்பெலும்பு கூடுவதற்குள்
ஏழு தவணை ஓடிவிட்டது.

வழி சொல்லாதவர்கள் இல்லை.
"ஸ்டே வாங்கிடலாம்" என்றார் வக்கீல் குமாஸ்தா.
அதற்கான தீர்ப்பாயம் சென்னையில்.
அதற்கான பணமும் அங்கேதான் இருக்கும்போல.
கொழுந்தன் இன்னொரு கம்பெனி நம்பர் தந்தான்,
இந்தக் குழி மண்ணை எடுத்து
அந்தக் குழியை மூடச் சொல்லி.
"ஏலத்துல போனா அடிமாட்டு வெல,
எங்கிட்ட குடு, எட்டு ரொக்கம்" என்றான் புரோக்கர்.
அவன் சொன்னது பொய்யில்லை,
பயமே அதுதான்.
கதவு, ஜன்னல், மோட்டார்
எல்லாவற்றையும் ராத்திரியே கழற்றிவிடு என்றது
எதிர்வீட்டுப் பாசம்.
எழுந்துபோய்க் கதவைத் தொட்டேன்.
கிறீச்சிட்டது.
தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுவிட்டு
வந்து படுத்தேன்.

முப்பத்தெட்டாம் நாள் கடலூர் பஸ்.
நெல்லிக்குப்பத்தில் ஆலை வாடை ஏறி
மஞ்சக்குப்பம் வரை கூடவே வந்தது.
கண்ணாடி அறையில் தேவநாதன் என்றொரு பையன்.
"அஞ்சு இருபது ஒரே தடவையா கட்டுங்க,
முடிச்சிடலாம்."
ஒரே தடவை என்பதை
ஒரு வாய் தண்ணீர் குடிங்க என்பதுபோலச் சொன்னான்.

மெஷினில் ரேகை பதியவில்லை.
வலது கட்டைவிரல், இடது,
துடைத்துத் துடைத்து நாலு முறை.
கொட்டை உடைத்து உடைத்து
முந்திரிப் பால் தின்ற விரல்கள்.
கடன் வாங்கிய அன்று பதிந்தவைதான்.
"நீங்கதான் அஞ்சலாட்சின்னு
நான் எப்படிம்மா நம்பறது?"
"கட்ட வேண்டியவ நான்தான்னு
எப்படி நம்புனீங்களோ அப்படித்தான் தம்பி."

சிரித்துவிட்டான்.
அந்தச் சிரிப்பு அடங்குமுன் கேட்டேன்,
பஸ் முழுக்க வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்ததை.
பத்திரத்தில் ஒன்பது சென்ட்.
வீடு நிற்பது நாலில்.
பின்னால் மூணு சென்ட், ரெண்டு பலா,
தையல்நாயகி வெகுநாளாய்க் கேட்கும் வழி.
அதை மட்டும் விற்று உங்களிடம் கட்டினால்
அந்த மூணை விட்டுக்கொடுப்பீர்களா,
மிச்சக் கடனைத் தவணையாக்கி
வீட்டை விட்டுவைப்பீர்களா?

கம்ப்யூட்டரில் தேடினான்.
என் கேள்விக்கு அதில் கட்டம் இல்லை.
பேனா எடுத்தான்,
மூடியைக் கடித்தான்.
"மேல கேட்டுத் திங்கக்கிழமை சொல்றேன்."
"கேட்டேன்னு எழுதிக் குடு."
வட்ட முத்திரை குத்திக் கொடுத்தான்.
இந்த ஏழு மாதத்தில்
அவர்களிடமிருந்து நான் வாங்கிய முதல் காகிதம்
நான் கேட்டு வாங்கியது.

வீடு திரும்பி, கயிறு பிடித்து
மூணு சென்ட் அளந்தேன்.
நன்றாகக் காய்க்கிற மரம்
கயிற்றுக்கு அந்தப் பக்கம் விழுந்தது.
இரண்டடி நகர்த்தி அளந்தேன்.
மறுபடி நகர்த்தி
இருந்த இடத்திலேயே வைத்தேன்.

வாசலில் ஆடு.
இன்னும் இருபத்திரண்டு நாள்.
பின்னங்காலில் நின்று
முன்னங்காலைச் சுவரில் ஊன்றி
எட்டிப் பார்க்கிறது.
நான் விரட்டவில்லை.